எட்டுக் கட்டங்களுக்குள் தமிழ்



ஆசிரியன் மாணவனுக்குக் கற்பிக்கின்றான் என்பது உலக வழக்கு. மாணவன் ஆசிரியனுக்குக் கற்பிக்கும் நாள்களும் உண்டு. அத்தகைய ஒரு நாளைப் பற்றியே இம்மலரில் எழுத விழைகின்றேன்.

சென்ற ஆண்டு ஒரு வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தேன். ‘மனம்’, ‘மணம்’ என்னும் இரு சொற்களைக் கொடுத்தேன். சிறுவன் ஒருவன் இரண்டையும் ‘மனம்’ என்றே எழுதியிருந்தான். உள்ளத்தைக் குறிப்பது ஒன்று, நறுமணத்தையும் திருமணத்தையும் குறிப்பது மற்றொன்று என்று விளக்கினேன். அவன் சற்றும் தயங்காமல், “சார், எங்க கார் ரேடியோல பாட்டுப் பேர் ஓடும்போது ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்தானே வருது?” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “ரேடியோவுக்குத் தமிழ் தெரியாதா சார்?” என்று மறுபடியும் கேட்டான்.

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஷார்ஜாவிலிருந்து பொருள் ஏற்றிய வண்டியைப் புஜைராவுக்கும் ராஸ் அல் கைமாவுக்கும் ஓட்டிச் செல்பவன் நான். அந்தச் சின்னஞ்சிறு திரையில் எழுத்துகள் ஓடுவதை நாள்தோறும் காண்கின்றேன். அவை எவ்வாறு வருகின்றன என்று ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் பாடசாலை ஆசிரியனாய்க் கடமையாற்றியவனுக்கு இது வெட்கத்தைத் தந்தது. தேடிப் படித்தேன். படித்ததைக் கூறுமுன், அக்கேள்வி என் நெஞ்சைத் தைத்ததற்கான காரணத்தைக் கூறிவிடுகின்றேன்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். ஆயினும் வானொலி கேளாமல் எவரும் உறங்கச் சென்றதில்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றினால் டைனமோவிற் பிறக்கும் மின்சாரம் வானொலிப் பெட்டியை இயக்கும். சுழற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் குரல் தேயும். “தம்பி, விடாதை!” என்பார் ஐயா. இரவிலே லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை வரும்போது, அயலவர் பத்துப்பேர் எங்கள் முற்றத்தில் மூச்சடக்கி அமர்ந்திருப்பர்.

அந்தப் பெட்டியின் கண்ணாடிமேல் ஐயா ஒரு கடதாசிப் பட்டியை ஒட்டியிருந்தார். முள் எங்கே நின்றால் எந்த நிலையம் என்று அதிலே தமது அழகிய கையெழுத்திற் குறித்திருந்தார். கொழும்பு, திருச்சி, லண்டன், வெரித்தாஸ் தமிழ்ப்பணி ஒலித்த மணிலா ஆகிய நான்கு பெயர்களும் தமிழில் இருந்தன. ஐயா ஆங்கிலம் அறியாதவர் அல்லர். “எங்கடை வீட்டுப் பெட்டி எங்கடை எழுத்திலை இருக்கட்டும்” என்பது அவர் பிடிவாதம். நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஊர்ப் பெயர்களுள் அவையும் அடங்கும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோது அப்பெட்டியைப் பொலித்தீன் பையிற் சுற்றி எடுத்துச் சென்றோம். பட்டி நனைந்து எழுத்துகள் கலைந்தன. வன்னி சேர்ந்ததும் ஐயா முதல் வேலையாகப் புதிய பட்டி எழுதி ஒட்டினார். பின்பு நான் அங்கேயே ஆசிரியனானேன். 2009 இல் அந்தப் பெட்டியும் போயிற்று, ஐயாவும் போனார். அதற்குமேல் இம்மலரில் எழுத என்னால் இயலவில்லை.

இனி, அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம்.

பண்பலை வானொலியில் நம் செவிக்கு எட்டும் ஒலி ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ் அளவுடன் முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் 19 கிலோஹெர்ட்சில், இருவழி ஒலிக்கு வழிகாட்டும் மெல்லிய அலையொன்று செல்கின்றது. அதன் மும்மடங்காகிய 57 கிலோஹெர்ட்சில், யார் காதுக்கும் கேளாத இடத்தில், வேறொரு செய்தி ஊர்ந்து செல்கின்றது. இதுவே ‘ஆர்.டி.எஸ்.’ எனப்படும் வானொலித் தரவு முறை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த இம்முறையின் விதிகள் 1984 இல் வெளிவந்தன.

அதன் வேகம் நொடிக்கு 1187.5 பிட்டுகள் மட்டுமே. இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் ஆமை நடை. ஆயினும் ஆமை தவறாமல் ஊர் சேர்கின்றது. அனுப்பப்படும் ஒவ்வொரு 26 பிட்டுகளிலும் 16 பிட்டுகளே செய்தி. எஞ்சிய 10 பிட்டுகள் அச்செய்தி பழுதின்றி வந்ததா என்று சரிபார்க்க உதவுவன. கணக்கைச் செய்தபின் மறுபடியும் சரிபார் என்று நாங்கள் உங்களை வற்புறுத்துவதும் இதற்காகவே, பிள்ளைகளே.

அச்செய்தியில் என்னென்ன உள்ளன? முதலாவது, நிலையத்தின் அடையாள எண். திரையில் அது தோன்றுவதில்லை. பெட்டி மட்டுமே அதனை அறியும். இரண்டாவது, நிலையத்தின் பெயர். அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் எட்டே எழுத்துகள். மூன்றாவது, பாடலின் பெயரையோ அறிவிப்பையோ தாங்கிவரும் வாசகம். அது 64 எழுத்துகள் வரை நீளலாம். இவற்றோடு நேரமும், அதே நிகழ்ச்சி கிடைக்கும் மாற்று அலைவரிசைகளின் பட்டியலும் வருவதுண்டு.

இம்முறையை வகுத்தோர் ஐரோப்பியர். தங்களுக்கும் தங்கள் அயலவர்க்கும் வேண்டிய எழுத்துகளை அட்டவணையிட்டனர். ரோமன் எழுத்துகளோடு கிரேக்கம், சிரில்லிக், அரபு, எபிரேயம் ஆகியவற்றுக்கும் அவ்வட்டவணைகளில் இடம் கிடைத்தது. தமிழுக்கு இடம் வைக்கப்படவில்லை. இதிலே எவருடைய வஞ்சகமும் இல்லை. பந்தியில் இல்லாதவனுக்கு இலை போடப்படுவதில்லை, அவ்வளவே. ஆகவேதான் நம் பாடல்கள் ரோமன் எழுத்தில் ஓடுகின்றன. ‘மனம்’, ‘மணம்’ மட்டுமல்ல. ‘மரம்’, ‘மறம்’ ஆகியவற்றுக்கும் ‘கரி’, ‘கறி’ ஆகியவற்றுக்கும் அங்கே வேற்றுமை தெரிவதில்லை.

இதனை அடுத்த வகுப்பிற் கூறியபோது, கரும்பலகையில் எட்டுக் கட்டங்கள் வரைந்தேன். அப்பர் பெருமானின் பெயராகிய ‘திருநாவுக்கரசு’ என்பதை எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குப் பதினாறு எழுத்துகள் வேண்டியிருந்தன. பாதிப்பெயர் வெளியே நின்றது. தமிழில் எழுதியவர்களுக்கோ தி, ரு, நா, வு, க், க, ர, சு என்று எட்டுக் கட்டங்களும் சரியாக நிரம்பின. பிள்ளைகள் கைதட்டினர். எனக்கும் தட்டத் தோன்றியது.

ஆனால் ஆசிரியன் முழு உண்மையையும் கூறவேண்டும். 1991 இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதிலே ‘தி’ என்பது ‘த’ என்ற எழுத்தும் விசிறியுமாக இரண்டு குறியீடுகள். அவ்வாறு எண்ணினால் திருநாவுக்கரசுக்கு 14 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் 42 பைட்டுகள். 2018 இல் வெளியான புதிய விதிகள் யூனிகோடு எழுத்துகளை ஏற்கின்றன. நீண்ட பெயருக்கு 32 பைட்டுகள் தருகின்றன. ‘தமிழ்’ என்பதற்கு 15 பைட்டுகளே போதும், தாராளமாக அடங்கும். திருநாவுக்கரசர்தாம் இன்னும் சற்றுக் காத்திருக்கவேண்டும்! வாசல் திறந்துவிட்டது. எனினும் அனுப்பும் நிலையமும் வாங்கும் பெட்டியும் புதிய முறைக்கு மாறினாலன்றித் திரையில் தமிழ் தோன்றாது. நம் வண்டிகளிலுள்ள பெட்டிகள் பெரும்பாலும் பழைய முறையின்படி அமைந்தவையே.

இருப்பதைப் பயன்படுத்தவும் அறிந்திருத்தல் நன்று. நெடுந்தூரப் பயணத்தில் ‘ஏ.எஃப்.’ என்னும் வசதியை இயக்கி வையுங்கள். ஒரு கோபுரத்தின் அலை தேயும்போது, அதே நிகழ்ச்சி வேறு அலைவரிசையிற் கிடைக்குமாயின் பெட்டி தானே அங்கு தாவும். நகருக்குள் அடிக்கடி தாவி ஒலி அறுந்தால் அதனை நிறுத்திவிடலாம். ‘டி.ஏ.’ என்பது போக்குவரத்து அறிவிப்புக்கானது. நிலையம் அதற்குரிய குறியை அனுப்பினால், நீங்கள் வேறு பாடல் கேட்டுக்கொண்டிருந்தாலும் அறிவிப்பு இடைமறித்து ஒலிக்கும். பெட்டி பழுதென்று அஞ்சவேண்டாம். ‘சி.டி.’ என்பது நேரம். உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வேறுபாட்டை அது அரைமணிகளாக எண்ணுகின்றது. அமீரகத்துக்கு எட்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பதினொன்று. கழித்தால் மூன்று அரைமணிகள். ஊரிலுள்ள பாட்டியோடு பேசுமுன் இக்கணக்கைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வானொலி பழங்காலப் பொருள் என்று எண்ணவும் வேண்டாம். 2024 ஏப்ரல் 16 அன்று இந்நாடு கண்ட பெருமழையை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது; 1949 இற் பதிவுகள் தொடங்கியபின் காணாத மழை. அன்றிரவு வெள்ளத்திடையே என் வண்டி நின்றது. மின்னேற்றம் தீர்ந்து கைபேசி அணைந்தது. வண்டியின் வானொலி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஐயாவின் குரலே காதிற் கேட்டது: “தம்பி, விடாதை!”

வேறொன்றும் அன்று என் சிந்தையில் எழுந்தது. புஜைராவை நோக்கி ஹஜர் மலைகளிடையே செல்லும்போது பெட்டி அலைவரிசை மாறுகின்றது, நிலையம் மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அடையாள எண்ணைக்கொண்டு தன் நிலையத்தைப் பெட்டி கண்டுகொள்கின்றது. யாழ்ப்பாணம், வன்னி, முகாம், வளைகுடா என்று நானும் இடம் மாறினேன். உங்களிற் பலரும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மாறி வந்தவர்களே. நம்மை நாம் கண்டுகொள்ளும் எண் நம் மொழி. அதைத் திரை காட்டாது. வீட்டில் அதைத் தொடர்ந்து அனுப்புவோர் இருந்தால்தான் பிள்ளைகள் அதைப் பெறுவர்.

ஆதலால் எங்கள் வகுப்பில் ஒரு சிறு பணி செய்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கடதாசிப் பட்டி வெட்டி, தம் வீட்டார் கேட்கும் வானொலி நிலையங்களின் பெயர்களையும் எண்களையும் தமிழில் எழுதினர். வீட்டாரின் இசைவு பெற்று, ஓட்டுநரின் பார்வைக்கு இடையூறின்றி, வண்டி வானொலியின் அருகே ஒட்டினர். கேள்வி கேட்ட சிறுவன் இரண்டு பட்டிகள் எழுதி வந்தான். ஒன்றை என்னிடம் நீட்டி, “இது உங்க வண்டிக்கு சார்” என்றான்.

அதன் அடியில் ‘மனம்’, ‘மணம்’ என்று இரு சொற்களையும் பிழையின்றி எழுதியிருந்தான். அது இன்று என் வண்டியில் இருக்கின்றது. 1995 இல் மழையிற் கலைந்த எழுத்துகளை மறுபடியும் கண்டதுபோல் இருக்கின்றது.

பெற்றோர்களே, திரையில் தமிழ் வரும் நாள் வரும்போது வரட்டும். அதுவரை உங்கள் பிள்ளை எழுதிய ஒரு பட்டி உங்கள் வண்டியிலும் இருக்கட்டும்.