நீலப் பூவின் ஊர்

தினமும் காலையில் நம் வீட்டுப் பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பியில் ஒரு காட்டுப் பூச்செடியும் கலந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? காப்பித்தூள் கடையில், "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்கிறாரே கடைக்காரர், அந்தச் சிக்கரியைத்தான் சொல்கிறேன். அது காயுமல்ல, கொட்டையுமல்ல. சாமந்தியும் சூரியகாந்தியும் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த ஒரு செடியின் வேர். நம் காசினிக் கீரையும் இதே செடிதான்!

அதன் பெருமையை முழுதும் அறிய வேண்டுமானால் பிரான்ஸ் தேசத்தின் வட கோடிக்குப் போக வேண்டும். பாரிஸிலிருந்து வேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் லில் நகரம். அதற்குத் தெற்கே ஒர்ஷி என்ற சிற்றூர். மலை என்று பேருக்குக்கூட ஒன்றில்லாத சமவெளி. பெல்ஜியத்தின் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. 1858-ல் தொடங்கிய லெரூ கம்பெனியின் சிக்கரியால் பேர்பெற்ற ஊர் இது.

கோடையில் இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் விறைத்த தண்டுகளின் மேல் ஆகாய நீலத்தில் பூக்கள் சிரிக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வெயில் நாளில் உச்சிப்பொழுதுக்குள் அவை மூடிக்கொண்டுவிடும். ஓர் இதழைக் கிள்ளிப் பாருங்கள். அது இதழல்ல, தனியொரு பூ! பல பூக்கள் கூடித்தான் ஒரு பூவாகக் காட்சி தருகின்றன.

ஆனால், சாலையைத் தாண்டி வயலுக்குள் போனால் ஒரு பூவைக்கூடக் காண முடியாது. சிக்கரி முதல் வருஷம் இலையும் வேரும் விடும். மறு வருஷம்தான் பூக்கும். பூக்க விட்டால் வேரில் சேர்த்து வைத்ததெல்லாம் செலவாகிவிடும். ஆகவே ஏப்ரல் வாக்கில் விதைத்து, இலையுதிர் காலத்தில் வேரைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். விதைக்காக விட்ட செடிக்கு மட்டுமே பூக்கும் பாக்கியம்!

தோண்டிய வேரைக் கழுவி, நறுக்கி, சூடான காற்றில் உலர்த்தி, பிறகு வறுக்கிறார்கள். வேரில் உள்ள இனுலின் என்னும் பொருள் சூட்டில் கருகிச் சிவக்கும்போதுதான் அந்த நிறமும், இலேசான இனிப்பும், கசப்பும் உண்டாகின்றன. காப்பியின் மணமோ, உற்சாகமூட்டும் காபீனோ இதில் கிடையாது.

பிறகு ஏன் இதற்கு இத்தனை மவுசு? பஞ்சகாலத்து உறவு அது. பிரஷ்ய மன்னர் பிரெடரிக் 1781-ல் காப்பிக் கொட்டையைத் தனியார் வறுக்கக் கூடாதென்று தடுத்தார். யார் வீட்டில் வறுபடுகிறது என்று மோப்பம் பிடிக்கத் தெருத்தெருவாக ஆட்களையும் விட்டார்! 1806-ல் நெப்போலியன் பிரிட்டிஷ் வர்த்தகத்துக்குக் கதவடைத்தபோது, ஐரோப்பாவில் காப்பிக் கொட்டை அரிதாயிற்று. சிக்கரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போதும் அதுதான் கைகொடுத்தது.

இன்று நம் நாட்டிலும் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சிக்கரி விளைகிறது. டிகாக்ஷன் கெட்டியாக, கறுப்பாக இருக்க வேண்டுமென்ற நம் ஆசைக்கு அது தோதாக அமைந்துவிட்டது. அதில் பிசகில்லை. சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரியின் அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாம் வாங்கும் அரைக் கிலோவில் 245 கிராம் வரை வேராகவே இருக்கலாம். விலையோ, காப்பியைவிட வேருக்குக் குறைவு!

சந்தேகமிருந்தால், ஒரு கண்ணாடித் தம்ளர் குளிர்ந்த நீரில் சிறிது தூளைத் தூவுங்கள். காப்பித்தூள் மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடிழுத்துக்கொண்டே அடியில் இறங்கும். அடுத்த தடவை கடைக்காரர் கேட்குமுன் நீங்களே அளவைச் சொல்லிவிடுங்கள். உங்கள் காசு, உங்கள் காப்பி.