கடைசிப் பத்தொன்பது நாட்கள்

எமது அத்தை ராகலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், பிறந்த லயத்திலேயே இறந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். வாய்ப்புற்று. மலைக் குளிருக்கும் வெறும் வயிற்றுக்கும் துணையென்று எம் மக்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் வெற்றிலையும் புகையிலையும் பின்னாளில் வாங்கும் விலை அது. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று பெரிய வைத்தியசாலை ஒன்றில் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் அவர் பத்தொன்பது நாட்கள் உயிரோடிருந்தார்.

செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. புண்ணைக் கழுவ வேண்டும். நாற்றம் அடங்க மருந்திட வேண்டும். கஞ்சியைத் துளித்துளியாக இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வலி. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். அந்தப் பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று கம்பளியை முகத்தில் அழுத்திக்கொண்டு அத்தை முனகுவார். எம்மிடம் இருந்தது பனடோல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனித உரிமை பற்றிப் பாடம் நடத்தும் நாம், அவர் அருகே கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டாம் இரவு இரத்தம் பெருகிற்று. 1990ஐ அழைத்தோம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் தீவெங்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. வண்டி வந்தது. ஆனால் தோட்டப் பாதை பாதியிலேயே வண்டிக்கு விடை கொடுத்துவிட்டது. இளைஞன் ஒருவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, டோர்ச் வெளிச்சத்தில் படியேறி வந்தான். சிங்களப் பிள்ளை, தமிழ் நாலு சொல்தான் தெரியும். "அம்மே, ரிதெனவத?" என்றான். அத்தைக்குச் சிங்களம் வராது. ஆயினும் வலிக்கிறதா என்று கேட்பவனின் முகம் விளங்காதா? கண்ணை மூடித் திறந்தார்.

தலையை ஒருபுறம் சாய்த்து, துணியை அழுத்தி, இரத்தத்தை நிறுத்தினான். வைத்தியசாலைக்குப் போகலாமா என்றதும் அத்தை எமது கையைப் பற்றிக்கொண்டார். வேண்டாமென்று கையொப்பமிட்டோம். போகவேண்டியவன் போகவில்லை. அத்தையின் மகளை அருகே அழைத்து, எப்படிச் சாய்ப்பது, உதட்டை எப்படி நனைப்பது என்று கையால் காட்டினான். இருமுறை செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே இறங்கினான்.

உயிரைக் காப்பாற்றி விரைந்து கொண்டுசேர்ப்பது அவனுடைய தொழில். காப்பாற்ற முடியாத உயிரின் அருகே இருப்பது யாருடைய தொழில்? தோட்டத்து வைத்தியம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். 1912இன் மருத்துவத் தேவைகள் சட்டம் நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமையைத் துரைமார் மீது வைத்தது. நல்ல சட்டந்தான். அதன் கண்ணில் நோயாளி என்பவர் மறுநாள் பெரட்டுக்குத் திரும்ப வேண்டிய கை. டிஸ்பென்சரி ஐயா தந்த மருந்தும் அந்தக் கைக்கே. மலைக்குத் திரும்பாத கையை எந்தப் புத்தகத்தில் பதிவது?

இது விதியன்று. புற்றுவலிக்குப் படிப்படியாக, வாய்வழி மோர்பின் வரை கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டது. கோழிக்கோட்டில் 1993இல் சில வைத்தியர்கள் தொடங்கிய வலிநிவாரணச் சங்கம், ஊராரையும் தாதியரையும் நோயாளியின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கேரள அரசு 2008இல் அதனைத் தன் கொள்கையாக்கிற்று. அங்கே வீடு தேடி வருவது பெரும்பாலும் ஒரு தாதியும் அயலாருமே. தோட்டத்து மருத்துவிச்சிக்கும், வைத்திய உதவியாளருக்கும், இரவில் படியேறும் அந்த இளைஞருக்கும் இந்தப் பயிற்சியையும், பொறுப்பான கையில் அந்த மருந்தையும் கொடுப்பது மலைநாட்டுக்கு மட்டும் ஆகாத காரியமா? தேயிலைக் கொழுந்து வாடுமுன் தொழிற்சாலை சேர வழி கண்டவர்கள் நாம்.

அவன் காட்டியபடியே அத்தையின் மகள் ஏழு நாட்கள் செய்தாள். வலி குறையவில்லை, உதடு மட்டும் காயவில்லை. இப்போது கீழ் லயத்தில் ஒரு தாத்தா படுத்திருக்கிறார். விடியுமுன், கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டுவதற்கு முன், கொதித்தாறிய உப்புநீரும் பழைய சேலைக் கிழிசலுமாக அவள் அங்கே போய்வருகிறாள்.