பால் மங்கு

பழம்பொருள் திரட்டுதல் செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்பர். மாதச் சம்பளக் கிராணியாகிய நாமும் மட்பாண்டம் திரட்டுகிறோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நாம் திரட்டுவன அரண்மனைச் சாடிகள் அல்ல. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் மரந்தோறும் தொங்கிய பால் மங்குகளே.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்றமையால், கலைஞர் கைப்படச் செய்து முத்திரையிடும் மட்பாண்டங்களின் வரலாற்றை நூல்களில் அறிந்தோம். ஹாங்காங்கிற் பிறந்த பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலேயர் ஜப்பானிற் குயத்தொழில் கற்று, 1920-இல் ஹமாடா என்பாருடன் இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸ் நகரில் சூளை அமைத்தார். அவர் முத்திரை பதிந்த கலயங்களை இன்று ஏலத்தில் எடுக்கின்றனர். அவருடைய நண்பர் யானகி சோயெட்சுவோ, பெயரறியா உழைப்பாளி அன்றாடப் பயனுக்கென வனைந்த பாண்டத்திலேயே மெய்யழகைக் கண்டார். அத்தகைய பொருள்களுக்கென 1936-இல் டோக்கியோவில் காட்சிச்சாலையும் நிறுவினார்.

அவர் கூறிய அழகுக்கு நம் மங்கினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ? தொடக்கத்தில் சிரட்டையும் தகரக் குவளையும் ரப்பர்ப் பாலை ஏந்தின. பின்னர்ச் சீனக் குயவர் மங்குகளை ஆயிரக்கணக்கிற் சுட்டனர். சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் 1940-இல் எழுந்த தாவ் குவாங் டிராகன் சூளையும் அவ்வாறு மங்கு தந்ததே. உட்புறக் கண்ணாடிப் பூச்சு அழகுக்கன்று. உறைந்த பால் எளிதில் உரிந்து வருதற்கே.

அம்மங்கில் வனைந்தவன் பெயரும் இல்லை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக மங்கு துடைத்துப் பால் வெட்டிய நம் அன்னையர் பெயரும் இல்லை. அவர்கள் பெயர் ஏறிய இடம் செக்ரோல் ஒன்றே. தோட்டம் கைமாறினால் அப்புத்தகமும் குப்பைக்குப் போவதைக் கிராணியாகிய நாம் கண்டிருக்கிறோம். ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் பெயர்ந்தனர். மங்கு மட்டும் மண்ணுட் கிடக்கிறது.

ஆகவே, மங்கு ஒன்று கிடைத்தால் அது கிடந்த நிரையைக் குறித்துக்கொண்டு, அந்நிரையில் வெட்டியவர் யாரென முதியோரிடம் கேட்டு, அப்பெயரை மங்கின் அடியில் மையால் எழுதிவைக்கிறோம். நம்மிடமுள்ள 32 மங்குகளில் 11-க்குப் பெயர் கிடைத்துள்ளது.

தோட்டத்து அன்பர்களே, பட்டணத்து நண்பர்களே! உங்கள் வீட்டு மூலையில் ஒரு மங்கு இருப்பின், இன்றே பாட்டியாரிடம் கேட்டு எழுதிவையுங்கள். சொல்லவல்லோர் பலர் 80 வயதைக் கடந்துவிட்டனர்.