கொதித்தும் அழியாதவை

நன்றாகக் கொதித்த உணவு கெடுதல் செய்யாது என்னும் நம்பிக்கை, 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தின் சமையற்கூடங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பெருமளவு உண்மையும்கூட. முட்டையோடு வரக்கூடிய சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி, மஞ்சள்கரு இறுகும்வரை வேகவைத்தால் மடிந்துவிடுகிறது. ஆயினும் சமையலரின் தேர்ச்சி, அடுப்பு எவற்றை அழிக்காது என்பதை அறிந்து, அவற்றுக்கு இடங்கொடாமல் வேலையை ஒழுங்கு செய்வதிலேயே வெளிப்படுகிறது.

அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி, வித்து எனப்படும் கெட்டியான உறைநிலையில் கொதிநீரையும் தாங்கி நிற்கிறது. சோறு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறி நெடுநேரம் கிடந்தால் அந்த வித்து முளைத்துப் பெருகி, மீண்டும் சூடாக்கினாலும் சிதையாத நஞ்சைச் சுரக்கக்கூடும். கலவை சாதம் குழையாமல் இருக்க வடித்த சோற்றைப் பரப்பி ஆறவைப்பது வழக்கமாதலால், அது சமைக்கும் நாளில் உலை வைக்கும் நேரத்தைப் பரிமாறும் மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான முறை; காலையிலேயே வேலையை முடித்துவிடும் சுறுசுறுப்பு இங்கே பாராட்டத்தக்கதன்று. முட்டையிலும் வெந்தபின் ஓர் ஆபத்து உண்டு. ஓட்டை உரிப்பது கைதான். விரலில் சீழ்ப்புண் இருந்தால் அதிலுள்ள ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி வெந்த முட்டைக்குச் சென்று, நேரம் கிடைத்தால் நஞ்சை உண்டாக்கிவிடும். ஆகவே, புண்ணுள்ள உதவியாளருக்கு அன்று வேறு பணி தரப்பட வேண்டும். அதற்காக அவருடைய கூலியில் கை வைக்கலாகாது, வைத்தால் புண்ணை மறைப்பதே வழக்கமாகிவிடும்.

பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் உட்படப் பெரியவர்கள் உண்டு பார்க்க வேண்டும் என்னும் விதி நல்லதே. ஆனால் மேற்சொன்ன நஞ்சுகளுக்கு மணமோ சுவையோ கிடையாது; வாந்தியும் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே வருவதால், சுவைத்துப் பார்ப்பது இவற்றைக் காட்டிக்கொடுக்காது. அது பயன்படுவது ஊசிப்போன பருப்பு, காறிய எண்ணெய், வேதிப்பொருளின் வாடை ஆகியவற்றைக் கண்டறியவே.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவுண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. எண்ணெயைப் பற்றிச் சமையலர் முன்பே ஐயம் தெரிவித்ததாகவும், அது பொருட்படுத்தப்படவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. பூச்சிமருந்தை உணவுப்பொருளோடு வைக்கலாகாது என்பதை எல்லோரும் ஏற்கின்றனர். சமையலரின் மூக்குக்கு அதிகாரம் தருவதில்தான் தயக்கம் இருக்கிறது. உணவுக்கூடத்தில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர்களுள் ஒருவராகிய அவர், வேண்டாம் என்று சொன்னால் எவரிடமும் ஒப்புதல் கேளாமல் அன்றைய சமையல் நிறுத்தப்பட வேண்டும். குழந்தைகள் பசியோடு காத்திருக்கையில் அச்சொல் எளிதில் வாயில் வராது. எனவே மாற்றாகச் சமைக்க அரிசியும் பருப்பும் பிரிக்காத எண்ணெய்ப் பொட்டலமும் எப்போதும் தனியே இருப்பில் இருக்க வேண்டும். கொட்டப்பட்ட உணவின் விலையைச் சமையலர் தலையில் கட்டாமல் திட்டமே ஏற்க வேண்டும்.