மெழுகில் பிறக்கும் ஆடவல்லான்

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தால் ஊர் வந்துவிடும். ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்ற ஊர்களில் மூலவர் கருவறையிலேயே இருக்க, உற்சவர்தான் வீதிக்கு வருவார். தில்லையில் சிற்றம்பலத்து நடராசரே தேரேறி நான்கு வீதிகளும் சுற்றி வருகிறார்.

கல்லாக இருந்தால் இது நடக்குமா? உலோகத் திருமேனி என்பதால்தான் வீதியுலா. சோழநாட்டுச் செப்புத் திருமேனிகளோ மெழுகில் உருவானவை.

மெழுகுச் சிலை என்றதும் பலருக்கு லண்டன் மேடம் துசாட்ஸ்தான் நினைவுக்கு வரும். 1835இல் பேக்கர் தெருவில் நிலைகொண்ட காட்சிக்கூடம் அது. களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, மெழுகு ஊற்றி, தலைமயிரை ஒவ்வொன்றாகக் குத்திச் செருகுகிறார்கள். பெரிய உழைப்புதான். அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த மெழுகு வேலையைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில், அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய், பக்கத்திலுள்ள சுவாமிமலையில் இறங்கினால் போதும்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவைதான் அங்கே மூலப்பொருள். ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்குகிறார். அதை மடித்து மடித்தே முகம், மார்பு, முழங்கால் என்று அளவு குறிக்கிறார். கை, கால், தலையைத் தனித்தனியாகப் பிடித்து, காய்ச்சிய இரும்புக் கருவியால் தொட்டு இணைக்கிறார். மெழுகை நூலாக உருட்டி, நடராசரின் மார்பில் பூணூலாகப் படியவைக்கும்போது கை துளியும் நடுங்கக் கூடாது. உண்மையான சிற்பம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு காவிரி வண்டலைக் குழைத்து மெல்லப் பூசுகிறார்கள். காய்ந்ததும் அதன்மேல் கனத்த மண், கம்பிக் கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும்; அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். மெழுகை முன்கூட்டியே எடைபோட்டுத்தான் உலோகத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். எட்டு மடங்குக்குக் குறையாமல் வேண்டும். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. இன்னொன்று வேண்டுமென்றால் ஓலை மடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிலைத் திருட்டு இவ்வளவு வலிப்பதும் அதனால்தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து கடத்தப்பட்ட சோழர் கால நடராசர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா வரை விற்கப்பட்டு, 2014இல்தான் நாடு திரும்பினார். அவரோடு வந்த கல் அர்த்தநாரீசுவரர் நம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்காரர்.

2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராசரும் சுவாமிமலை ஸ்தபதிகள் இதே மெழுகு முறையில் வார்த்தவர்தான். எடை சுமார் 18 டன். சிதம்பரம், கோனேரிராசபுரம், தஞ்சாவூர் நடராசர்களே அதற்கு முன்மாதிரி.

தில்லைக்கு வருகிறவர்கள் தரிசனம் முடிந்த கையோடு சுவாமிமலைக்கும் போய் வாருங்கள். பட்டறையில் பளபளக்கும் சிலைகளோடு நின்றுவிடாமல், மெழுகு வேலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.