காத்திருப்பதற்கும் கரண்ட் செலவாகும்

மார்கழிக் குளிருக்கு லவ்டேலை விட்டுக் கீழே இறங்குகிறவர்களுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மூட்டுவலி, இளைப்பு, கோயம்புத்தூரில் மகன் வீடு. பொங்கல் கழிந்து மலையேறி வந்தால் கம்பளியில் ஈரவாடை, உப்பு ஜாடியில் தண்ணீர். அதையெல்லாம் வெயிலில் வைத்துச் சரிசெய்துவிடலாம். ஷெட்டில் நிற்கும் காரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

எங்கள் கார் இந்த வருஷம் நன்றாகவே வரவேற்றது. ரிமோட்டை அழுத்தியதும் இண்டிகேட்டர் கண் சிமிட்டியது, கதவுப் பூட்டு விலகியது, டேஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. சாவியைத் திருப்பினால் மட்டும் 'டிக் டிக்'. செல்ஃப் எடுக்கவில்லை.

மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார். கற்பூர மரச் சருகைத் தள்ளிவிட்டு, பேட்டரி டெர்மினலில் பூத்திருந்ததைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். மீட்டரை வைத்ததும் 12 வோல்ட் காட்டியது. "பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பன்னிரண்டு காட்டுதே, அப்புறம் என்ன?" என்றேன். "நிறைஞ்ச பேட்டரி 12.6 காட்டணும் சார். 12ன்னா கால்வாசிதான் இருக்கு. இப்ப சாவியைத் திருப்பிக்கிட்டே மீட்டரைப் பாருங்க" என்றார். திருப்பினேன். எண் எட்டுக்குக் கீழே விழுந்தது. சும்மா இருக்கும்போது எந்த பேட்டரியும் பலசாலிதான். பாரம் ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும். கதவுப் பூட்டுக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு, நூற்றைம்பது வேண்டும். உறைபனிக் குளிரில் நிறைந்த பேட்டரியே தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிக் கிடக்கும்.

ஓடாத வண்டியில் சார்ஜ் எப்படிக் குறைந்தது என்ற கேள்விக்கு அவர் சிரித்தார். "ரிமோட்டை எப்ப அமுக்குவீங்கன்னு அது ராவும் பகலும் காது கொடுத்துக்கிட்டு இருக்கே சார்."

வீட்டுக்குள் வந்து கணக்குப் போட்டேன். ரிமோட் ரிசீவர், அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி; ஐந்து வாரத்துக்கு ஏறக்குறைய 25. சின்ன கார் பேட்டரியின் கொள்ளளவே 35தான். திருடன் வராத வீட்டிலும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் உண்டு.

இதை இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் போனில் சொன்னபோது, காரின் பின்னால் இழுத்துப்போகும் தன் கேரவனுக்கும் இதே கதிதான் என்றார். அங்கே அக்டோபரில் நிறுத்திய கேரவனைப் பலர் மார்ச்சில்தான் வெளியே எடுப்பார்கள். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அதைக் காரில் பூட்டாமல், இருந்த இடத்திலேயே நகர்த்தித் திருப்ப 'மூவர்' என்று ஒரு கருவி உண்டு. இரண்டு மோட்டார்கள், டயரை அழுத்திச் சுழலும் இரண்டு உருளைகள், கையில் ரிமோட். குளிர்காலம் முடிந்து அழுத்தினால் ரிமோட்டில் பச்சை விளக்கு எரிகிறது, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ரிலே 'க்ளிக்' என்கிறது, வண்டி அசைவதில்லை. பலரும் முதலில் ரிமோட்டின் செல்லைத்தான் மாற்றுவார்கள். கையில் இருப்பதன் மேல்தானே சந்தேகம் முதலில் விழும்? சரிவில் ஏற்றினால் அந்த மோட்டார்கள் நூறு ஆம்பியரைக்கூடத் தாண்டக்கூடும். வோல்ட் சரிந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பேட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சை அணைக்காமல் விட்டுப்போனால் அங்கேயும் குளிர்காலம் முழுக்க ஒரு காது திறந்தே இருக்கும்.

எங்கள் மலையிலேயே இதற்கு நேர்மாறான ஓர் இயந்திரம் இருக்கிறது. 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் ஊட்டியை எட்டிய மலை ரயிலில், லவ்டேல் வழியாகப் போகும் வண்டிக்கு இப்போது டீசல் இன்ஜின். கீழே கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பல்சக்கரப் பாதையில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுவது நீராவி இன்ஜின். நெருப்பை அணைத்துவிட்டால் அது எதையும் கேட்பதில்லை, எதையும் குடிப்பதில்லை. மறுபடி ஆவி கட்ட மணிக்கணக்காகும். அந்த இன்ஜின் எழுப்புவதற்கு விலை கேட்கிறது. என் கார் தூங்குவதற்கே விலை கேட்கிறது. விரல் அழுத்தியதும் ஓடிவர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் நாம்தான்.

ஜம்ப் கொடுத்து கிளம்பியாயிற்று. ஷெட்டிலேயே பத்து நிமிஷம் உறுமவிட்டால் போதாது, கேத்தி வரை ஓட்டி வாருங்கள் என்றார் மெக்கானிக். அடுத்த மார்கழிக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் கியரில் நிறுத்தி, நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு இறங்குவதாக உத்தேசம். திரும்பி வரும்போது ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும், ரேடியோ ஸ்டேஷன்களை முதலிலிருந்து தேட வேண்டும். வீட்டில் இப்போதே முணுமுணுப்பு. ஒரு பேட்டரி விலையைச் சொன்னதும் அடங்கிவிட்டது.