நோட்டுக்குத் தெரியாது

விமானம் ரத்தானதும் பணத்துக்குப் பதிலாக விமான நிறுவனங்கள் அனுப்பிவைக்கும் வவுச்சரில் என்னை உறுத்துவது அதன் தேதி. சில வவுச்சர்களில் அந்தத் தேதிக்குள் டிக்கெட் போட்டுவிட்டால் போதும், பயணம் பிறகு இருக்கலாம். வேறு சிலவற்றில் அந்தத் தேதிக்குள் பறந்தே முடித்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைப் பொடி எழுத்து நிபந்தனைகளுக்கு நடுவில் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரே தடவையில் தீர்த்துவிட வேண்டும், புது டிக்கெட் விலை குறைவாக இருந்தால் மிச்சம் கிடையாது, முதலில் யார் பெயரில் டிக்கெட் இருந்ததோ அவரேதான் போகவேண்டும் என்றெல்லாம்கூட அதே இடத்தில் இருக்கும். நாம் கொடுத்தது பணம். நம் கையில் இருந்தவரை அதற்குக் கடைசித் தேதி கிடையாது. அவர்கள் கைக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் அது எப்படிக் கெட்டுப்போகிற சரக்கானது?

எதிர்வீட்டு அம்மா தன் போனை என்னிடம் நீட்டிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவரும் கணவரும் காசிக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார்கள். மார்கழி மாதம். அந்தப் பக்கத்தில் மூடுபனி இறங்கினால் ஓடுபாதை தெரியாது, விமானம் ரத்து. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கொரு வவுச்சர் வந்தது, ஓராண்டுக் கெடுவோடு. வெயில் தாழட்டும், புரட்டாசிக்கு மேல் போகலாம் என்றிருந்தார் கணவர். ஆவணியில் தவறிப்போனார்.

போனில் அவருடைய வவுச்சர் அப்படியே இருந்தது. 'மிஸ்டர்' என்று தொடங்கி அவர் பெயர், அதன் கீழே ஆறு எழுத்தில் ஒரு குறியீடு, அதன் கீழே தொகை, எல்லாவற்றுக்கும் கீழே இன்னும் மூன்று வாரத்தில் வரப்போகிற ஒரு தேதி. "தம்பி, இத எம் மகன் பேருக்கு மாத்திக் குடுப்பாங்களா? அவன் கூட வந்தா அங்க அவருக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சிட்டு வந்துருவேன்" என்றார். நானே கூப்பிட்டுக் கேட்டேன். எதிர்முனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். பெயர் மாற்ற வழியில்லை சார், பயணியேதான் பயணம் செய்யவேண்டும் என்றார். பயணி இறந்துவிட்டார் என்றேன். கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் வேறு வாக்கியம் இருந்திருக்காது.

அன்று இரவு எனக்குத் தாத்தாவின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. மன்னார்குடிப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம், கூடவே சின்ன அளவில் கொடுக்கல் வாங்கல். பெட்டிக்குள் புரோநோட்டுகளை வருஷவாரியாக நூல் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் குறுக்கே கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது அசலும் வட்டியும் சேர்த்துத் தருகிறேன் என்ற வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும். கொடுத்தவர் இறந்தால் அவர் வாரிசு கேட்கலாம் என்பது அதில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயமாக இருந்ததில்லை.

புரோநோட்டுக்கும் கெடு உண்டு. மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் கோர்ட் ஏற்காது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றைய தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடத் தொடங்கும். ஐந்து ரூபாய் வரவும் போதும்.

எழுபதுகளின் தொடக்கம், குறுவை ஏமாற்றிய ஒரு வருஷம். ஐப்பசி மழையில் ஒரு விவசாயி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஏறினார். தலையில் போட்டிருந்த சாக்கைத் தாழ்வாரத்தில் உதறிவிட்டு நின்றார்.

"என்னய்யா, இந்த மழையில?" என்றார் தாத்தா.

"நாளன்னைக்கு நோட்டு தேதி தாண்டுதுங்க. வரவு போட்டுக்கலாம்னு வந்தேன்."

"உன்னை எனக்குத் தெரியாதா? மழை விட்டு வந்தா ஆகாதா?"

"உங்களுக்குத் தெரியும்ங்க. நோட்டுக்குத் தெரியாதே."

தாத்தா பெட்டியைத் திறந்து நோட்டைத் தேடி எடுத்தார். தேதியைப் பார்த்தார். அவர் மறந்தே போயிருந்தார் என்பது சின்னப் பையனான எனக்கே முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வந்தவர் மடியிலிருந்து ஐந்து ரூபாய்த் தாளை எடுத்துத் திண்ணையில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் வெற்றிலைப்பெட்டியை நகர்த்தினார். சாரலில் விரல் ஈரமாகியிருந்தது. துண்டில் ஒருமுறை துடைத்தார், திருப்தியில்லாமல் இன்னொருமுறை துடைத்தார், அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொட்டார். நோட்டைக் கவிழ்த்துப் போட்டு, தேதி, அதன் கீழ் 'வரவு ரூ. 5', அதன் கீழ் தன் பெயர். ஒவ்வொரு எழுத்தையும் ஏர் பிடிக்கிற கவனத்தோடு எழுதினார். மை காயும்வரை கையால் காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் அவர் வீட்டில் சும்மா இருந்திருந்தால் போதும், அந்த நோட்டு கோர்ட்டில் செல்லாமல் போயிருக்கும். கெடுவை நினைவில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர், அது தாண்டினால் லாபமடையக்கூடியவர். தாத்தா காலமான பிறகு அந்த விவசாயியின் மகன் வந்து பாட்டியிடம் பாக்கியை எண்ணி வைத்தார். பாட்டி நோட்டைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தேதி தாண்டட்டும் என்று தலைமறைவாகத் திரிந்தவர்களின் நோட்டுகளும் அந்தப் பெட்டியில் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஊரில் என்ன மரியாதை என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டமும் தேதி தாண்டிய கடனை அடியோடு துடைத்துவிடுவதில்லை. வசூலிக்கக் கோர்ட் உதவாதே தவிர, கடன் கடன்தான். அதைத் தருகிறேன் என்று கடன்பட்டவர் மறுபடி எழுதிக் கையெழுத்திட்டால் அந்த எழுத்து செல்லும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது.

வவுச்சரில் எனக்கு ஒப்பாதது இதுதான். கெடுவைச் சட்டம் குறிக்கவில்லை, பணம் கொடுத்தவரும் குறிக்கவில்லை. கொடுக்கவேண்டியவரே குறிக்கிறார். அது தாண்டினால் யாருக்கு லாபமோ அவர் கையில் பேனா இருக்கிறது. கணக்கியலில் இதற்குத் தனி இடமே உண்டு. முன்பணம் கட்டியவர்களில் ஒரு பங்கினர் தங்கள் உரிமையைப் பயன்படுத்தவே மாட்டார்கள் என்று ஒரு நிறுவனம் எதிர்பார்க்க நியாயம் இருந்தால், அந்தப் பங்கை மதிப்பிட்டு வருவாயில் சேர்க்க இந்தியக் கணக்குத் தரநிலை 115 வழி சொல்கிறது. 'பிரேக்கேஜ்' என்பார்கள். கணக்கு எழுதுவதற்கு அது தேவையான விதியாகவே இருக்கட்டும். எதிர்வீட்டு அம்மாவின் மூன்று வாரம் அந்த வரியில் போய்ச் சேர்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதை வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் நின்று, மே 25 வரை பறக்கவில்லை. ஏற்கெனவே கட்டிய பணத்தை நிறுவனங்கள் 'கிரெடிட் ஷெல்' என்று தங்களிடமே நிறுத்திவைத்தன. பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு. பணத்தை உடனே திருப்பித் தர இயலாத நிலையில் இருக்கும் நிறுவனம் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல்லில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரத்தான நாளிலிருந்து 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும், அதற்குப் பிறகு மாதம் 0.75 சதவீதமும் அதன் மதிப்பைக் கூட்டித் தரவேண்டும். எந்தத் தடத்திலும் பயன்படுத்தலாம். இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கெடு முடிந்தும் பயன்படுத்தாமலிருந்தால் பணமாகத் திருப்பித் தரவேண்டும்.

அதைப் படித்தபோது என் தாத்தாவின் கணக்குப் புத்தகத்தைப் படிப்பதுபோல இருந்தது. முதலில் அரை வட்டி, பிறகு முக்கால் வட்டி. ஒருவர் பணம் இன்னொருவரிடம் தங்கினால் நாளாக ஆக அது வளரவேண்டும், தேயக்கூடாது. கெடு முடிந்தால் தொகை உரியவருக்குத் திரும்ப வேண்டும். கடன் என்பதைப் பற்றி நம் ஊர் அறிந்த எல்லா ஒழுங்கும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. அது அந்த முடக்கக் காலத்தோடு நின்றுவிட்டது. சாதாரண நாளில் ரத்தாகும் விமானத்துக்கும் ஏன் அது வழக்கமாகக் கூடாது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது: ரத்தான டிக்கெட்டுக்குப் பயணி பணம் கேட்டால் 7 நாளில் தரவேண்டும், பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர்.

நம்மிடமும் அதற்கு நெருக்கமான ஒரு விதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. திருப்பித் தரவேண்டிய தொகையைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனம் அதைத் தானாகவே வழக்கமாகச் செய்யக்கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ரீஃபண்ட் விதிகள் சொல்கின்றன. காசி டிக்கெட் ரத்தான அன்று இதை யாரும் அந்தத் தம்பதியிடம் சொல்லவில்லை. வந்த செய்தியில் வவுச்சருக்கான பொத்தான் மட்டும் பெரிதாக இருந்ததாம்.

ஆகவே, உங்கள் விமானத்தை நிறுவனம் ரத்துசெய்தால் அந்தப் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பணமாகவே வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு கெடு இருக்கிறது. வவுச்சரின் தேதியைக் குறித்து வைக்கும்போது இந்தக் கெடு முடியும் தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.